நளினி நிறுத்திய இடங்கள்

பிளெஸ்ஸி நவீன இலக்கியத் திறனாய்வில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஒரு நாவல் அச்சிலிருந்து ஒரு மனிதக் குரலுக்குள் குடிபெயரும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதே அவளுடைய கேள்வி. வார நாள்களில் திருப்பதியில் விடுதி வாசம். சனிக்கிழமை சித்தூரில் வீடு. இரண்டுக்கும் இடைப்பட்ட பேருந்துப் பயணத்தில் அவள் ஒலிநூல்களைக் கேட்டாள். கேட்டவற்றைப் பற்றி ஓர் இணைய இதழில் மாதந்தோறும் எழுதினாள். அந்தப் பத்தியைப் படித்தவர்கள் குறைவு. ஆனால் தமிழில் ஒலிநூல் தயாரிப்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் அதைப் படித்தார்கள்.

அவளுடைய தீர்ப்புகள் கறாரானவை. துப்பறியும் நாவல்களை வாசிக்கும் கலைவாணி, கொலையாளி அறைக்குள் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், அதனால் மூன்றாம் அத்தியாயத்திலேயே வழக்கு முடிந்துவிடுகிறது என்று எழுதினாள். பேய்க்கதைகளை முதல் வரியிலிருந்தே கிசுகிசுக்கும் ஒருவரைப் பற்றி, அச்சம் என்பது சாதாரணக் குரலில் தொடங்க வேண்டியது என்றாள். தன்முன்னேற்ற நூல்களின் வாசிப்பாளர்கள், எந்த நேரமும் நம்மை எண் ஒன்றை அழுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று எண்ண வைத்தார்கள். தன் வரலாற்றைத் தானே வாசித்திருந்த, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கு உச்சரிப்பு சரியில்லை. இருந்தாலும் இறந்துபோன மகளின் பெயர் வரும் இடங்களை அவர் அவசரமாகக் கடந்துசெல்வதில் தொழில்முறைக் கலைஞருக்கு எட்டாத ஓர் உண்மை இருப்பதாக அவள் பாராட்டியிருந்தாள்.

எல்லா வகை நூல்களைப் பற்றியும் அவளுக்கு ஒரு பொதுக்குறை இருந்தது. தமிழ் வாசிப்பாளர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. இந்தக் குறையை உணரும் காது அவளுக்குச் சித்தூர் தேவாலயத்தில் வாய்த்தது. மிஷன் காலத்திலிருந்து அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேதபாடம் வாசிப்பவர் வாசித்து முடித்ததும் வேதாகமத்தை மூடிவிட்டு, ஒன்றும் பேசாமல் அங்கேயே நிற்க வேண்டும். வாசித்த சொல் சபையில் இறங்கிவிட்டது என்று அவருக்குத் தோன்றும்வரை பாடகர் குழு பாட்டைத் தொடங்காது. பிளெஸ்ஸியின் தந்தை கிருபானந்தம் நிற்கும் ஞாயிறுகளில் பின்வரிசைப் பிள்ளைகள் நெளியத் தொடங்கிவிடுவார்கள். பிளெஸ்ஸியும் பள்ளி நாள்களிலிருந்து அங்கே நின்று பழகியவள். வாசிப்பின் பாதி அதன் மௌனத்தில் இருக்கிறது என்பது அவள் ஆய்வேட்டின் முதல் வாக்கியம்.

திருப்பதிப் பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு விடுதியின் மாடியில், யஸ்வந்த் என்பவர் சிறிய ஒலிநூல் பதிப்பகம் ஒன்றை நடத்தினார். இரண்டே அறைகள். அதில் ஒன்றின் சுவர்களில் மெத்தைகளை ஆணியடித்துப் பதிவு அறையாக்கியிருந்தார். சந்திரகிரி அரண்மனையைக் களமாகக் கொண்ட பெரிய சரித்திர நாவல் ஒன்றை அவர் அப்போது தயாரிக்க இருந்தார். அதை வாசிக்க இருவர் அவர் மனத்தில் இருந்தனர். ஒருவர் சென்னையில் இருக்கும் தமிழ்ச்செல்வன், பல ஆண்டு அனுபவம் உள்ளவர். மற்றவர் புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த நளினி. நளினி அதுவரை வாசித்தது ஒரே ஒரு குடும்ப நாவல்தான். அதைக் கேட்டுக் கருத்துச் சொல்லும்படி யஸ்வந்த் பிளெஸ்ஸியிடம் கேட்டிருந்தார். பிளெஸ்ஸி வேண்டாம் என்றால் சரித்திர நாவல் தமிழ்ச்செல்வனுக்குப் போகும், நளினியை இனி அழைக்கப்போவதில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

பிளெஸ்ஸி அந்த நாவலை முழுவதும் கேட்டாள். வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சல் அனுப்பினாள். 'இவருடைய வாக்கியங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வருகின்றன. துயரம் வந்து உட்கார இவர் ஓர் இடம்கூட ஒதுக்குவதில்லை. தாய் தன் மகளிடம் தொலைபேசியில் பேசும் முக்கியமான காட்சியில், தாய் மனமில்லாதவளாகத் தோன்றிவிடுகிறாள். பெரிய நாவலை இவரிடம் ஒப்படைப்பதை என்னால் பரிந்துரைக்க இயலாது.' யஸ்வந்த் நன்றி தெரிவித்து, திங்கட்கிழமை தமிழ்ச்செல்வனுடன் ஒப்பந்தம் போட்டுவிடுவதாகப் பதில் எழுதினார்.

சனிக்கிழமை பகலில் பிளெஸ்ஸி வீட்டுக்கு வந்தபோது சமையலறையிலிருந்து நளினியின் குரல் கேட்டது. மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரான கிருபானந்தம், மனைவிக்கு மருத்துவமனையில் பணி உள்ள நாள்களில் தாமே சமைப்பார். மகளின் சந்தாவில் தம் கைபேசியையும் இணைத்துக்கொண்டு, அவள் கேட்டு முடித்த நூல்களையெல்லாம் வரிசையாகக் கேட்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. உப்பு ஜாடியின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

கதை அந்தத் தொலைபேசிக் காட்சிக்கு வந்திருந்தது. வீட்டுக்கு இனி வரப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட மகளிடம் தாய் கேட்கிறாள்: "எப்பம்மா வருவே?"

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இணையம் நின்றுவிட்டது என்று நினைத்த பிளெஸ்ஸி, கைபேசியின் திரையைத் தொடக் கை நீட்டினாள்.

"தொடாத, பாப்பா," என்றார் கிருபானந்தம், கத்தியைப் பலகை மேலேயே நிறுத்திவைத்துக்கொண்டு. "நிக்கல அது. அந்தம்மா போனை காதுல வெச்சிக்கினு இருக்குது."

சமையலறையில் குக்கர் மெல்ல முனகியது. கைபேசியில் மிக இலேசாக ஒரு மூச்சு கேட்டது. பிறகு நளினியின் குரல், எந்த நடிப்பும் இல்லாமல், சொன்னது: "சரி. வெச்சிடறேன்."

பிளெஸ்ஸி தன் கைபேசியை எடுத்து அதே இடத்தை ஓடவிட்டாள். எப்பம்மா வருவே சரி வெச்சிடறேன். கேள்வியும் விடைபெறுதலும் ஒரே மூச்சில் வந்து முடிந்தன. தந்தையின் கைபேசியில் மறுபடி கேட்டாள்; அங்கே அந்த மௌனம் அப்படியே இருந்தது. கிருபானந்தம் இரண்டு கைபேசிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே புத்தகம்தானே என்று கேட்டார்.

அவளுடைய கைபேசியில், ஒலிநூல் செயலியின் அமைப்புகளுக்குள் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. 'இடைவெளிகளைச் சுருக்கு' என்றொரு வசதி. அதன் பொத்தான் பச்சையாக இருந்தது. ஆய்வில் சேர்ந்த புதிதில், ஒரு பயணத்துக்குள் கூடுதலாக இரண்டு அத்தியாயங்களைக் கேட்டுவிடலாம் என்று அவளே அதை அழுத்தியிருந்தாள். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மற்றவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை என்று எழுதிய ஒவ்வொரு மாதமும் அவளுடைய கைபேசி அவர்கள் நிறுத்திய இடங்களையெல்லாம் வெட்டி எறிந்துகொண்டிருந்திருக்கிறது.

"அப்போ இத்தினி நாளா நீ எழுதினதெல்லாம் யாரைப் பத்தி?" என்று கேட்டார் கிருபானந்தம்.

"என் போனைப் பத்தி, நைனா."

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றார். "ஞாயித்துக்கிழமைக்கும் அந்தப் பட்டன் இருந்தா சொல்லு. நான் நிக்கறப்ப பாட்டுக்காருங்க அமுக்கிக்குவாங்க."

அன்று மாலையே அவள் யஸ்வந்தை அழைத்தாள். அவர் சந்திரகிரியில் ஒரு திருமண வீட்டில் இருந்தார். நாதசுரத்துக்கு நடுவே பாதிதான் காதில் விழுந்தது. எழுத்தில் அனுப்பிய பிறகு வாயால் மாற்றினால் தாம் எதை நம்புவது என்று கேட்டார். திங்கட்கிழமை நளினியை நேரில் வரச் சொல்லியிருப்பதாகவும், முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வதுதான் மரியாதை என்றும், வேண்டுமானால் பிளெஸ்ஸியும் வந்து தன் பங்கைச் சொல்லலாம் என்றும் கூறி வைத்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்த பின் அவள் பழைய நூல்களை எடுத்து, பச்சைப் பொத்தானை அணைத்துவிட்டுக் கேட்டாள். கலைவாணி கொலையாளியின் வருகைக்கு முன் குரலைத் தாழ்த்துவது உண்மைதான். ஆனால் அப்பாவிகள் வருமுன்பும் அவர் ஒரு கணம் தயங்கினார், அந்தத் தயக்கம்தான் வழக்கை முடிச்சவிழாமல் வைத்திருந்தது. பேய்க்கதைக்காரர் இடைவெளிகளோடு இன்னும் மோசமானார். கிசுகிசுத்ததோடு இழுக்கவும் செய்தார். விறுவிறுப்பானவர் என்று அவள் புகழ்ந்திருந்த ஒரு கட்டுரை வாசிப்பாளர், பக்கத்துக்குப் பக்கம் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். தாசில்தாரின் தன்வரலாற்றை அவள் கடைசியாகத்தான் எடுத்தாள். மகளின் பெயரை அவர் எங்கும் அவசரமாகக் கடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெயருக்கு முன்னால் அவரால் பேச முடியாமல் போயிருந்தது. பிளெஸ்ஸி அவருடைய துக்கத்தைக் கேட்காமலேயே அதைப் பாராட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் மாடி ஏறியபோது நளினி ஏற்கெனவே வந்திருந்தாள். பிளெஸ்ஸியைவிட இளையவள். நெற்றியில் விபூதிக் கீற்று, மடியில் தண்ணீர் பாட்டில். பிளெஸ்ஸி தன் பெயரைச் சொன்னதும் அவள் எழுந்து நின்றாள். பிளெஸ்ஸி சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள்: அறிக்கையில் என்ன எழுதினாள் என்பதை, எப்படிக் கேட்டு அதை எழுதினாள் என்பதை.

"நான் எடம் வுட்டுத்தான்கா படிச்சேன்," என்றாள் நளினி. "உங்க போன் துன்னுட்டுது."

"ஆமா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

யஸ்வந்த் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவருக்குக் கோபம் இல்லை, கவலை இருந்தது. அவர் முன்வைத்த வாதத்தைப் பிளெஸ்ஸி எதிர்பார்த்திருக்கவில்லை. "சரே மேடம், நீங்க சதுவுக்குன்னவங்க, பெரிய படிப்பு படிச்சவங்க. உங்க காதையே அந்தப் பட்டன் ஏமாத்துச்சுன்னா, பஸ்ல கேட்கறவன் கதி என்ன? பாதி ஜனம் அதைப் போட்டுக்கினுதான் கேட்குது. தமிழ்ச்செல்வன் சார் நிறுத்தவே மாட்டார். எந்தப் பட்டனும் அவரை ஒண்ணும் பண்ணாது."

அந்த வாதம் சரியானது என்பதே பிளெஸ்ஸிக்குச் சிக்கலாக இருந்தது. தமிழ்ச்செல்வனின் அரசர்கள் எல்லோரும் ஒரே மார்புக் குரலில் பேசினார்கள். இடைவெளி வர வேண்டிய இடங்களை அவர் கமகத்தால் நிரப்பினார். எதை வெட்டினாலும் அவரிடம் குறைவது ஒன்றும் இல்லை. அவள் இதைச் சொன்னாள். குறைவதற்கு ஏதுமில்லாத வாசிப்பைக் கேட்பவர் மறந்துவிடுவார். சந்தா முடிந்ததும் போய்விடுவார் என்றாள். தான் சொல்வதை நம்ப வேண்டாம், சரித்திர நாவலிலிருந்து ஒரு பக்கத்தை இப்போதே பதிவுசெய்து பார்க்கலாம் என்றாள். நளினிக்கு அது முன்கூட்டித் தெரியாது. அவள் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, கொடுங்க சார் என்றாள்.

மெத்தைச் சுவர்களுக்குள் நளினி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு இப்பால் யஸ்வந்தும் பிளெஸ்ஸியும் ஆளுக்கொரு காதொலிப்பானை மாட்டிக்கொண்டார்கள். யஸ்வந்த் நாவலை நடுவில் எங்கோ பிரித்துக் கொடுத்திருந்தார். போர்க்களத்திலிருந்து ஒரு தூதன் சந்திரகிரிக்கு வருகிறான். இரவெல்லாம் குதிரை ஓட்டி வந்தவன். இளவரசன் இறந்த செய்தியை அரசியிடம் சொல்கிறான். நளினி அதைத் திரையில் ஓடும் செய்தியைப் படிப்பவள்போல் சாதாரணமாகப் படித்தாள். அரசி சன்னல் பக்கம் திரும்பினாள் என்று படித்து, நிறுத்தினாள்.

கீழே சாலையில் ஒரு பேருந்து ஒலி எழுப்பியது. பதிவுக்குள் அது வரவில்லை. நளினி தாளைப் பார்த்தபடியே இருந்தாள். யஸ்வந்தின் விரல் நிறுத்தும் பொத்தானை நோக்கி நகர்ந்தது. பிளெஸ்ஸி அவரைத் தடுக்கக் கையைத் தூக்கி, சமையலறையில் தந்தை கத்தியை நிறுத்தியதுபோல, அப்படியே நிறுத்தினாள். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"குதிரைக்குத் தண்ணீர் காட்டினாயா?" என்று கேட்டாள் அரசி.

அத்துடன் அந்தப் பக்கம் முடிந்திருந்தது. நளினி தலை நிமிர்ந்து கண்ணாடி வழியே அவர்களைப் பார்த்தாள். யஸ்வந்த் காதொலிப்பானைக் கழற்றவில்லை. மேசை மேல் தாள்களைக் கலைத்துத் தேடினார்.

"அடுத்த பக்கம் எங்க?" என்றார். "காட்டினானா இல்லியா அவன்?"

அதன் பிறகு நடந்தது பெரும்பாலும் பேரம். முதல் பாகத்தை நளினி வாசிப்பாள். மீதியைக் கேட்பவர்கள் தீர்மானிப்பார்கள். தமிழ்ச்செல்வனுக்கு யஸ்வந்தே பேசி, அவருக்குப் பொருந்தும் வேறொரு நூலைத் தருவார். நூலின் தொடக்கத்தில் நளினியின் குரலிலேயே ஒரு வரி இருக்க வேண்டும் என்றாள் பிளெஸ்ஸி: 'இந்த நூலின் இடைவெளிகளும் வாசிக்கப்பட்டவை, அவற்றைச் சுருக்காமல் கேளுங்கள்.' யஸ்வந்த் அது பாடம் நடத்துவதுபோல் இருக்கிறது என்று முகம் சுளித்தார். நளினி தனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியும் என்றாள்.

"பொறுமையா கேளுங்க, நான் எங்கியும் போவ மாட்டேன். இப்படிச் சொன்னா ஆவாதா?"

ஆகும் என்று யஸ்வந்த் ஒப்புக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை பிளெஸ்ஸி சித்தூர்ப் பேருந்தில் ஏறினாள். இணைய இதழுக்கு அனுப்பிய கட்டுரையில், தான் இதுவரை எழுதிய எல்லா மதிப்புரைகளையும் எப்படிக் கேட்டு எழுதினாள் என்பதை விளக்கி, அவற்றை மீண்டும் எழுதப்போவதாக அறிவித்திருந்தாள். ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் இதனால் தள்ளிப்போகும். நெறியாளர் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். பிறகு, அந்தப் பிழையே ஒரு தனி இயலாகலாம் என்றார். முதல் இயலின் முதல் வாக்கியத்தை மட்டும் அவள் மாற்றவில்லை.

தாசில்தாரின் நூலைக் கைபேசியின் ஒலிபெருக்கியிலேயே, தணிந்த ஒலியில், முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினாள். முன்பு ஒரு பயணத்தில் பாதி நூலை முடித்தவளுக்கு இப்போது பூதலப்பட்டு வந்தபோது சில அத்தியாயங்களே ஆகியிருந்தன. பேருந்து நின்று மாணவர்கள் ஏறினார்கள். அவளருகில் வந்து உட்கார்ந்த பெண், பேசிக்கொண்டிருந்த குரல் நடுவில் நின்றதும், அக்கா உங்க போன் நின்னுடுச்சு, ஒண்ணும் ஓடல என்று திரையைச் சுட்டிக்காட்டினாள்.

"ஓடுது," என்றாள் பிளெஸ்ஸி. "அவரு இன்னும் பேர் சொல்லல."