கால் தெரியும்படி எடுக்க வேண்டும்

பிரேக் பிடிக்காமல் போவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். அனுப்பினால்தான் வாரண்டியில் பார்ப்பார்களாம்.

கலைச்செல்விக்கு முதலில் அது விளங்கவே இல்லை. அவள் புருஷன் மாதேஸ்வரன் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புத் திட்டின் மேல் வைத்திருந்தான். மலைக்குக் கீழே, வண்டி வாங்கிய ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிற சுரேந்தர் பேசிக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

“அண்ணா, நான் நம்பறேண்ணா. நான் நம்பி என்ன ஆகப்போகுது? கம்பெனிக்குச் சாட்சி வேணும். நீங்க வண்டிய இங்க கொண்டாந்தப்ப நானே ஓட்டிப் பாத்தேன். பிரேக் கல்லாட்டம் நிக்குது. பிராப்ளம் இல்லைன்னுதான் எழுத முடிஞ்சது. மறுபடி எப்பப் பெடல் உள்ள போகுதோ, அப்ப உங்க காலும் பெடலும் தெரியற மாதிரி ஒரு வீடியோ எடுத்துருங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

“அது லோடு ஏத்திட்டு மலை எறங்கறப்பதானுங்க சார் போகுது.”

“அப்ப எறங்கறப்பவே எடுத்துருங்கண்ணா.”

களி கிண்டிக்கொண்டிருந்த கலைச்செல்வியின் கை நின்றது. களி அடிப்பிடிக்கிற வாசம் வந்த பிறகுதான் அவளுக்குத் துடுப்பின் நினைப்பே வந்தது.

தை பிறந்து வாங்கிய பிக்கப் வண்டி அது. சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. மூன்றாவது நடையாகக் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு இறங்கும்போது, பாதி மலையில், சேற்றில் கால் வைத்த மாதிரி பெடல் பொதுக்கென்று உள்ளே போய்விட்டது. மாதேஸ்வரன் கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து மண்ணில் வண்டியை உரசவிட்டு எப்படியோ நிறுத்தினான். கீழே இறங்கி, மிதித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் கொஞ்ச நேரம் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அப்புறம் ஏறி மிதித்தால் பிரேக் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நின்றது. அதுதான் வினை. சூடு ஆறினால் குற்றம் மறைந்துவிடுகிறது. இதை அவன் வீட்டில் சொல்லவே ஒரு வாரம் ஆயிற்று. சொன்னபோதும் வேறு யாருக்கோ நடந்த மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னான்.

அடுத்த நாளே வளைவு குறைந்த முள்ளுக்குறிச்சி ரோட்டில், காலி வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஷோரூமுக்குக் கொண்டு போனார்கள். அங்கே தரை ஆற்றுமணல் பரப்பியது போல் மட்டமாக இருந்தது. அந்தத் தரையில் எந்த வண்டிக்குத்தான் பிரேக் பிடிக்காது? வெளியில் மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால், அவன் ஒரு போல்ட்டைத் திருகினாலும் வாரண்டி செல்லாது என்றார்கள்.

வீடியோ எடுக்க ஆள் தேடினான் மாதேஸ்வரன். பங்காளி வேல்முருகன் முதல் நாள் சாயங்காலம் வருகிறேன் என்றவன், விடிந்ததும் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டான். கலைச்செல்வி வாசலுக்கு வந்து பார்த்தபோது, மூட்டை ஏற்றி முடித்த வண்டியில் மாதேஸ்வரன் தனியாக உட்கார்ந்து, இடது கையில் போனைத் தன் காலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தான்.

அவள் இறங்கிப் போய் வண்டியின் கதவைத் திறந்தாள்.

“போனைக் குடுங்க. நான் வாரேன்.”

“நீயா? பஸ்ஸுல போனாலே கண்ண மூடிக்குவ.”

“இதுல மூட முடியாதில்ல. அதனால வாரேன்.”

நான்கு வயது மகளை நாத்தனார் அம்சவேணியின் இடுப்பில் ஏற்றினாள். அம்சவேணிக்கு எதையும் கேலியாகச் சொல்லித்தான் பழக்கம். “ரெண்டு பேரும் ஒரே வண்டியில கெளம்பிட்டீங்க. இவள எம்பேருக்கு எழுதி வெச்சிட்டாவது போங்க,” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை. குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வழியில் போன், இடம் இல்லை என்று காட்டியது. மகள் ஆடின, பாடின வீடியோக்கள்தான் அதில் நிறைந்திருந்தன. ஒவ்வொன்றாக அழித்தாள். கோழியைத் துரத்துகிற ஒன்றை மட்டும் அழிக்க மனம் வராமல் விட்டுவைத்தாள்.

சோளக்காடு ஊரைத் தாண்டியதும் இறக்கம் தொடங்கியது. காரவள்ளி அடிவாரம் வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகள்தான். கலைச்செல்வி சீட்டை விட்டு இறங்கி, கால் வைக்கிற இடத்தில் குந்திக்கொண்டு, போனை அவன் காலுக்கு நேராக நீட்டினாள். அங்கிருந்து ரோடு தெரியாது. வானமும் மரக்கிளையும் கண்ணாடியில் ஓடுவது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது. வண்டி வலது பக்கம் திரும்பினால் அவள் முதுகு கதவில் மோதியது. இடது பக்கம் திரும்பினால் தோள் கியரை இடித்தது. ஒரு வளைவில் பள்ளம் அவள் பக்கம், அடுத்த வளைவில் அவன் பக்கம். இப்போது யார் பக்கம் என்று உடம்பே கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தது.

புது வண்டியில் செருப்போடு ஏறக்கூடாது என்று அவன் வெறுங்காலோடுதான் ஓட்டுவான். போனுக்குள் அந்தக் கால் மட்டும் இருந்தது. மண்வெட்டி விழுந்து கறுத்த கட்டைவிரல் நகம், குதிகாலில் வெடிப்பு. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்தக் காலை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. அது மிதித்தது, எடுத்தது, மறுபடி மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் அவள் மூச்சு நின்று திரும்பியது.

எந்த நிமிசம் வரக்கூடாது என்று பயந்தார்களோ, அந்த நிமிசத்துக்காகத்தான் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வராமல் போனால் இன்னொரு நாள் இதே மாதிரி குந்த வேண்டும். வந்துவிட்டால் என்ன ஆகுமோ. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், அரப்பளீஸ்வரா, அரப்பளீஸ்வரா என்று வெறும் பேரை மட்டும் சொல்லிக்கொண்டாள்.

“இன்னைக்கு நல்லாத்தான் புடிக்குது,” என்றான் மேலிருந்து மாதேஸ்வரன். “வீடியோன்னதும் வெக்கப்படுதாட்டம்.”

“பேசாம ஓட்டுங்க.”

பாதி மலை இறங்கியிருப்பார்கள். முதலில் வாசம் வந்தது. ரப்பர் செருப்பை அடுப்பில் போட்டது போல. பிரேக் மாறுவது அவன் காலுக்கும் தெரிந்திருக்க வேண்டும், விரல்கள் பெடலைப் பற்றப் பார்ப்பது போல் மடங்கின. அடுத்த மிதிக்குப் பெடல் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. தரை வரைக்கும் போய் நின்றது.

“செல்வி,” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

போனில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கால் பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டு கிடந்தது. ஒன்றும் இல்லை. சுரேந்தர் கேட்டது இதுதான். ஒரு மூச்சு நேரம் அவள் கை ஆடாமல் பிடித்தும் இருந்தாள். என்ஜின் அலறியது, கண்ணாடியில் மரக்கிளைகள் வேகமாக ஓடின. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. போனை எங்கேயோ எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, கிணற்றிலிருந்து வாளியைத் தூக்குகிற மாதிரி தூக்கினாள்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தது. தகரம் கிழிகிற சத்தம். மூட்டைகள் முன்னால் சரிந்து மோதின. அவள் தலை எதிலோ இடித்தது. பிறகு எல்லாம் நின்றது.

மலைப்பக்கத்துக் கால்வாயில் சக்கரம் இறங்கி, மண்ணில் மூக்கைச் செருகிக்கொண்டு வண்டி நின்றிருந்தது. முன்னால் இடது சக்கரத்திலிருந்து புகை வந்தது. பத்தடி தள்ளி அடுத்த வளைவின் சிமெண்ட் சுவர். அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

மாதேஸ்வரன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். ரத்தம் இல்லை. பிறகு, “எடுத்தியா?” என்று கேட்டான்.

போனைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். கால் மிதித்தது, பெடல் இறங்கியது, அதற்குள் படம் சுழன்று இருட்டாகிவிட்டது. அப்புறம் சத்தம் மட்டும். வழுக்கி விழுந்த கால் என்று எவனாவது சொன்னால் இல்லையென்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

வண்டி மோதிவிட்டது என்று போனில் கேட்டதும் சுரேந்தரே பைக்கில் புறப்பட்டு வந்தான். அவன் சமவெளிக்காரன். இந்த மலைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வந்து சேரும்போது முகம் வெளிறி, ஹெல்மெட்டுக்குள் தலை நனைந்திருந்தது. கையெடுத்துக் கும்பிடாத குறையாக, “ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையேக்கா?” என்று முதலில் கேட்டான். அதற்காகவே அவனை வைய மனம் வரவில்லை.

ஆனால் அவன் வருவதற்குள் புகை அடங்கி, சக்கரம் ஆறிவிட்டிருந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதித்தான். மறுபடி மிதித்தான். பெடல் இரும்பாக நின்றது.

“நல்லாப் புடிக்குதேண்ணா,” என்றான். குரலில் வெற்றி எதுவும் இல்லை, சங்கடம்தான் இருந்தது. “வீடியோலயும் முழுசா இல்ல. நான் என்னன்னு எழுத? ஒண்ணு பண்ணலாம். ஆள வெச்சு வண்டியக் கால்வாயிலிருந்து தூக்கி, மெதுவாக் கீழ ஷோரூமுக்கு ஓட்டிட்டு வந்துருங்க. இன்னொருக்கா நல்லாப் பாத்துரலாம்.”

மாதேஸ்வரன் தலையை ஆட்டப் போனான். படித்தவர்கள் சொல்வதற்கெல்லாம் அவன் தலை தானாக ஆடும். அதற்குள் கலைச்செல்வி வண்டியிலிருந்து சாவியை உருவினாள். வெளி ஆளிடம் நிமிர்ந்து இரண்டு வார்த்தை பேசியறியாதவள் அவள். குரல் எங்கிருந்தோ வந்தது.

“நீங்க ஓட்டுங்க சார்.”

“அக்கா?”

“பிரேக் நல்லா இருக்குதுன்னு நீங்கதானுங்க சொல்றீங்க. நீங்களே எறக்குங்க. நான் பக்கத்துல உக்காந்து வாரேன்.”

சாவியை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அவன் சரி என்று வாங்கிவிட்டால்? மறுபடி அந்தச் சீட்டில் ஏற வேண்டும். மீதி வளைவுகள் அத்தனையும். அம்சவேணியின் தோளில் அழுந்தியிருந்த சின்னத் தலை கண்முன் வந்தது. வாங்காதே சாமி, வாங்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே கையை மட்டும் மடக்காமல் வைத்திருந்தாள்.

சுரேந்தர் சாவியைப் பார்த்தான். சீட்டிலிருந்து இறங்கி, சுவர் ஓரம்வரை நடந்து கீழே எட்டிப் பார்த்தான். வளைவுக்குக் கீழே வளைவு, அதற்கும் கீழே எறும்பு போல ஒரு பஸ். திரும்பி வந்து இடது சக்கரத்தைத் தொட்டான். கறுத்துப் போயிருந்த இரும்பில் விரலைத் தேய்த்து முகர்ந்தான். பிறகு அவள் கையிலிருந்த சாவியை வாங்காமல், தன் போனை எடுத்து ஷோரூமுக்குப் பேசினான்.

“சார், சுரேந்தர் பேசறேன். தூக்கிட்டு வர்ற வண்டி ஒண்ணு மலைக்கு அனுப்பணும் சார்... ஆமா சார், பெடல் நல்லாத்தான் நிக்குது... இல்ல சார், ஓட்டிட்டு வர முடியாது.” அந்தப் பக்கம் என்னவோ சத்தமாகக் கேட்டார்கள். அவன் கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி நின்றுகொண்டான். ஆனாலும் மலையில் எந்தப் பேச்சும் ஒளியாது.

“பயமா இருக்கு சார்,” என்றான்.

கலைச்செல்வி அப்போதுதான் நீட்டிய கையை மடக்கினாள். ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

“அதையே எழுதிக்குங்க சார்,” என்றாள். அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. சுரேந்தர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மேட்டிலிருந்து ஒரு பெரிய கல்லை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கி வந்து, நன்றாகப் பிரேக் பிடிக்கிற அந்த வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் அண்டை கொடுத்தான். ஒன்று போதவில்லை போலிருக்கிறது. இன்னொரு கல்லுக்கு மேட்டில் ஏறினான்.