மீன்கடை நம்பர்

ஒரு விஷயத்தை "ஏன்?" என்று கேட்டுவிட்டால், பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கெட்ட பழக்கத்தையே தொழிலாக்கிக்கொண்டு, சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கம்பெனி கம்பெனியாகப் போய்வருகிறேன். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் கம்பெனிகள் புதுச் சட்டங்களை ஒழுங்காகக் கடைப்பிடிக்க ஆலோசனை சொல்வதும், சரியாக இருந்தால் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதும் என் வேலை.

அன்று கேளம்பாக்கத்தில் குமரவேலின் அலுவலகம். ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கிடங்குக்கு வரும் வேலை விண்ணப்பங்களை அவருடைய மென்பொருள்தான் சலித்துக் கொடுக்கிறது. ஒருவரை ஒதுக்கினால் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் ஊர்ச் சட்டம். இங்கேயும் அப்படியே நடக்கச் சொல்கிறார்கள். நேர்காணல் பட்டியல் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். அதற்குள் என் கையெழுத்து வேண்டும் என்று குமரவேல் தவித்துக்கொண்டிருந்தார்.

ஒதுக்கப்பட்டவர்களில் ஒரு பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். சத்யப்ரியா, கோவளம் மீனவர் குடியிருப்பு, பி.காம்., எண்பத்து நான்கு சதவீதம். மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் வெளியே.

"ஏன் சார்?"

"ஏஜென்ட் வேலை மேடம். இதே போன் நம்பர்ல முப்பத்தேழு பேர் அப்ளை பண்ணியிருக்காங்க. மெஷின் பிடிச்சிடுச்சு" என்றார் பெருமையாக.

முப்பத்தேழு பேருக்கு ஒரே எண்ணா? அப்படிப்பட்ட ஏஜென்ட்டின் குரலைக் கேட்க எனக்குக் கை பரபரத்தது. உடனே போன் போட்டேன்.

"பூவம்மா மீன் கடை. இன்னா வோணும், வஞ்சரமா சங்கராவா?"

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்தார். "ஏஜென்ட்டா? நானா? எங்க ஆம்பளைங்க போனை எட்துகினு கடலுக்குப் பூடுவாங்க. பொண்ணுங்களுக்கு ரீசார்ஜ் போடலைன்னா நம்பரே பூடும். கஸ்டமர் கூப்புடுவாங்கன்னு என் நம்பரு ஒண்ணுதான் எட்டு வருசமா மாறாம கீது. அதான் வேலைக்கு எய்திப் போட்றவங்க எல்லாம் என் நம்பரையே குட்துடுவாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இப்படி ஒரு விதியை எந்தப் புத்திசாலி சார் போட்டது?"

குமரவேல் போன வருஷத்து அறிக்கையைத் திறந்து காட்டினார். 'ஒரே எண்ணிலிருந்து பல விண்ணப்பங்கள் வந்தால் ஒதுக்கவும்.' கீழே என் கையெழுத்து. அவமானத்தில் காது சுட்டது. இடைத்தரகர்களைத் தடுக்கிறேன் என்று நான்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அன்று மட்டும் "ஏன் ஒரே எண்?" என்று கேட்கத் தோன்றவில்லை.

விதியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். நாலே முக்காலுக்கு சத்யப்ரியாவின் பெயர் பட்டியலில் ஏறியது. காரணம் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். திரும்பவும் பூவம்மாளை அழைத்தேன். சத்யப்ரியா பக்கத்திலேயே மீன் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். போன் அவள் கைக்கு மாறியது.

"நாளைக்குப் பத்து மணிக்கு உனக்கு இன்டர்வியூம்மா."

"நெஜமாவா மேடம்? என் இங்கிலீஷு சரியில்லன்னுதான் எட்கலைன்னு நெனச்சேன். ஒரு வருசமா தாம்பரத்துக்கு பஸ் ஏறி கிளாஸுக்குப் போய்கினு கீறேன்."

"உன் இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்லம்மா. நான் போட்டுக் கொடுத்த விதிதான் தப்பு. மன்னிச்சுக்கோ."



"அப்போ எம்மேல தப்பு இல்லியா?"

"இல்லம்மா."

அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அக்கா! எம்மேல தப்பு இல்லியாம்!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அக்காகிட்ட போனைக் குடும்மா" என்றேன். "இன்னும் முப்பத்தாறு பேருக்குச் சொல்லணும்."