தண்டவாளம் அங்கே, சாவி இங்கே

ஆரணி ஊருக்குள் ரயில் வராது. ஆரணி ரோடு என்று பலகை மாட்டிய ஸ்டேஷன் இருப்பதென்னவோ களம்பூரில். பெயரை நம்பி இறங்கியவன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு பேர் சொந்தமாக ரயில் வைத்திருந்தார்கள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஒருவர் பட்டு நெய்யும் ராஜவேலு. இன்னொருவர் நெல் மண்டி வைத்திருந்த குந்துநாத நயினார். இருவருக்கும் நாற்பது தாண்டி, வீட்டில் கல்யாண வயதில் பெண்கள் நின்ற காலத்தில் நடந்த கூத்து இது.

ரயில் என்றால் சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில். வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்டுவிட்டுப் போனது. மதராஸ் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சாமான் கடையில் இருவர் கையும் ஒரே நேரத்தில் அந்த எஞ்சின் மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒரே ஊர்க்காரர்கள். அடித்துக்கொள்ளாமல் கூட்டாக வாங்கிக்கொண்டு ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். அதன் பிறகு யார் மதராஸ் போனாலும் தண்டவாளமோ பெட்டியோ வரும். துளை போட்ட இரும்புப் பட்டைகளும் பொடிப்பொடியான நட்டு போல்ட்டுகளும் வரும். அந்தப் பட்டைகளை முடுக்கிச் சேர்த்தால் பாலம், பளு தூக்கும் கிரேன் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

கூட்டுச் சொத்து ஆயிற்றே, ஒருவரை விட்டு ஒருவர் விளையாடிவிடக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தண்டவாளமும் பெட்டிகளும் நயினார் வீட்டு மாடியில். எஞ்சினும் சாவியும் ராஜவேலு வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எஞ்சினை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ராஜவேலு கிளம்பினால், "டிரைவர் போறாரு, வழி வுடுங்கப்பா" என்று டீக்கடை ஜெயவேல் குரல் கொடுப்பான். ராஜவேலுவுக்கு ரோஷம் வராது, உள்ளுக்குள் பெருமைதான். நயினார் வீடு ஜைன வீடு, பொழுது சாய்ந்தால் அடுப்பும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட வரும்படி நயினாரின் மனைவி கனகவதி கீழேயிருந்து கூப்பிடுவாள். அதுதான் அன்றைய கடைசி வண்டி.

பெரிய பாலம் ஒன்று கட்டத் தொடங்கிய வருஷம் நயினாருக்கு வயிற்றில் நோய் வந்தது. மதராஸில் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர்கள் அப்படியே தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில வாரம் வலியோடு கிடந்த நயினார், தம் குருவிடம் அனுமதி வாங்கிச் சல்லேகனை விரதம் ஏற்றுக்கொண்டார். இனி உடம்பு தேறாது என்று தெரிந்தவர்கள், சோற்றை விட்டு, பாலை விட்டு, கடைசியில் தண்ணீரையும் விட்டு, உலகத்துப் பற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாகப் போகும் வழி அது. மண்டியைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தார். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். மூட்டை தூக்கும் சுப்பன்கூடப் போய், அழுதுகொண்டே திரும்பி வந்தான்.

ராஜவேலுவுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. ஒரு நாள் காலையில் நயினாரின் தம்பி வர்த்தமானன் சைக்கிளில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினான். உள்ளே தண்டவாளமும் பெட்டிகளும் பாதிப் பாலமும் இருந்தன.

"அண்ணன் எல்லாத்தியும் உங்ககிட்ட குடுத்துடச் சொன்னாரு. நீங்க வூட்டுக்கு வர வேணாம்னும் சொல்லச் சொன்னாருங்க."

"இன்னாத்துக்கு?"

வர்த்தமானனுக்குத் தெரியவில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான்.

ராஜவேலுவின் மனது வெந்துபோனது. ஊரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா? மீன் தின்கிறவன் என்பதாலா? புழுவை வெந்நீரில் போட்டு எடுத்த பட்டு நெய்கிறவன் என்பதாலா? இத்தனை வருஷம் ஒரே பாயில் மண்டி போட்டு நட்டு முடுக்கியபோது தெரியாத தீட்டு சாகப்போகும்போது தெரிந்துவிட்டதா? தறியில் உட்கார்ந்தால் இழை இழையாக அறுந்தது. நயினாரை அந்தச் சில நாட்கள் ராஜவேலு வெறுத்தார். வெறுப்பு நிற்காமல், மறுபடி பார்க்க வேண்டும் என்ற தவிப்பாகவே திரும்பி வந்தது.

நயினார் தண்ணீரையும் விட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. அதன் பிறகும் மூச்சு நிற்கவில்லை. எதற்காக இந்த உயிர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று தெருவே பேசியது. ராஜவேலுவின் மனைவி ஜெயம்தான் அதற்குக் காரணம் சொன்னாள்.

"எதுனா ஒரு ஆச நின்னுகினு இருக்கும். ஒங்கப்பாவுக்கு நாடாவ கையில குடுத்தப்புறம்தான போச்சு?"

ராஜவேலுவுக்குச் சுருக்கென்றது. அவர் அப்பா நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தவர். பால் ஊற்றினார்கள், மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், தாலிப் பொன்னை உரைத்து ஊற்றினார்கள். எதற்கும் போகாத உயிர், தறியில் ஓடுகிற நாடாவை எடுத்துக் கையில் வைத்ததும் போய்விட்டது. அவர்கள் தெருவில் சாகிறவனுக்குச் செய்யும் கடைசி உபகாரம் அதுதான். என்ன ஆசை என்று கண்டுபிடித்துக் கொடுக்காதவன் பாவி. நயினாருக்கு என்ன ஆசை இருக்கும் என்பதை ராஜவேலுவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரதக்காரர், வாயைத் திறந்து கேட்கவும் மாட்டார். நான்தான் கொண்டுபோக வேண்டும் என்று எஞ்சினையும் தண்டவாளத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலம் நயினார் வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அண்ணன் காதில் மந்திரம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன வர்த்தமானன் மட்டும் இருந்தான். அண்ணனுடைய சிநேகிதர் வாசலில் கண் கலங்கி நிற்கும்போது அவனால் போ என்று சொல்ல முடியவில்லை. பார்த்துவிட்டு உடனே போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

நயினார் பாயில் மல்லாந்து கிடந்தார். உடம்பு பாயோடு ஒட்டிப்போயிருந்தது. ஆனால் முகத்தில் வலி இல்லை. நன்றாகத் தூங்குகிற குழந்தைக்கு இருக்கிற முகம். ராஜவேலு அதைப் பார்த்தார், பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. பாயை ஒட்டித் தண்டவாளத்தை அடுக்கினார். எஞ்சினுக்குச் சாவியை முழுக்க முடுக்கி வைத்துவிட்டார்.

கடகடவென்று அது ஓடிய சத்தத்தில் நயினாரின் கண் திறந்தது. தலை மெல்லத் திரும்பியது. உதட்டில் பழைய குறும்பு வந்தது.

"ரெண்டாவது துண்டு கோணலா இருக்குது."

ராஜவேலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆசை தீர்ந்தது, இனி நிம்மதியாகப் போவார் என்று நினைத்தார். வண்டி கடைசித் துண்டு வரை போய் நின்றது. அதைத் திருப்பி வைத்து ஓட விட்டார்.

"பாலம்?" என்றார் நயினார்.

"பாதியிலயே கெடக்குது. நீ இல்லாம எனக்குக் கையே ஓடல நயினாரே."

நயினாரின் கண்ணோரம் ஈரமானது. தண்ணீர்கூட இறங்காத அந்த உடம்பில் கண்ணீர் எங்கிருந்து வந்ததோ. கை தடவித் தடவி வந்து ராஜவேலுவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"எனக்குக் கஞ்சி குடுக்கச் சொல்லு. பாலத்த முடிச்சிட்டுப் போறேன்."

நிலைப்படியில் கனகவதி நின்றுகொண்டிருந்தாள். கோயில் தட்டு கையில் இருந்தது. கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ராஜவேலு ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைச் சட்டென்று பிடித்து நிறுத்தி, சக்கரம் ஓடாமல் பிடித்து வைக்கும் தடுப்புக் கம்பியை இழுத்துவிட்டார். கனகவதி உள்ளே போய் அரிசியைக் களைந்தாள். பொழுது சாய்ந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அன்றைக்குத்தான்.

கஞ்சி இறங்கவில்லை. உள்ளே போனது ரத்தத்தோடு வெளியே வந்தது. அதன் பிறகும் சில நாள் இருந்தார். அதற்கு முன் இருந்தது போல இல்லை. கஞ்சி கஞ்சி என்று அரற்றினார். பக்கத்தில் வந்தவர் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். சாகப் பயமாக இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லி அழுதார். வர்த்தமானன் காதில் சொன்ன மந்திரம் எதுவும் உள்ளே போகவில்லை. கண்ணைத் திறந்தபடியே போனார். இதையெல்லாம் சுப்பன்தான் வந்து சொன்னான். ராஜவேலு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. சாவுக்கும் தெருமுனையில்தான் நின்றார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கனகவதி சொல்லி அனுப்பினாள். போனார். கூடத்தில் உட்காரச் சொன்னாள். எதிரே சுவரோரம் தானும் உட்கார்ந்தாள்.

"விரதத்துல அஞ்சு குத்தம் வரக் கூடாதுண்ணா. இன்னும் வாழணும்னு ஆசப்படக் கூடாது, சீக்கிரம் சாவணும்னும் ஆசப்படக் கூடாது. அந்த அஞ்சுல ஒண்ணு, கூட வெளையாண்ட சிநேகிதன நெனச்சி ஏங்குறது."

கனகவதி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தொடர்ந்தாள்.

"மத்ததெல்லாம் தாண்டிடுவேன் கனகா, இந்த ஒண்ணுதான் எனக்குப் பயமா இருக்குதுன்னாரு. அதான் ஒங்கள வர வேணாம்னு சொல்லியனுப்புனாரு. என்ன நெனச்சோ புள்ளைங்கள நெனச்சோ அவரு பயப்படலண்ணா."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்க ராஜவேலுவுக்கு வாய் வரவில்லை. அவள் எழுந்து உள்ளே போய், அன்று விட்டுப்போன எஞ்சினை அதே மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். தீட்டு என்று நினைத்தேனே, வெறுத்தேனே என்று தன்னையே நொந்துகொண்டார். உலகத்தில் ஒரு மனிதன் பெண்டாட்டி பிள்ளையைவிட என்மேல் பற்று வைத்திருந்தான். அந்தப் பற்றையே எடுத்துக்கொண்டுபோய் அவன் கழுத்தை இறுக்கிவிட்டு வந்தேன். டீக்கடை ஜெயவேல் பழக்கதோஷத்தில் "டிரைவர்" என்று தொடங்கி, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டான்.

நடையில் பை காலில் இடித்து, தடுப்புக் கம்பி விலகிவிட்டது போலும். அன்றைக்கு முடுக்கியதில் பாதி மிச்சம் இருந்தது. பைக்குள்ளே சக்கரம் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. கையை உள்ளே விட்டு நிறுத்த அவருக்குத் துணிவு வரவில்லை. சாவி தீரும் வரை ராஜவேலு தெரு நடுவிலேயே நின்றார்.