ஒரு குறையாவது சொல்லுங்கள்

அந்தத் தீவில் ஆஸ்பத்திரிக் கட்டடம் உண்டு. ஒருவரும் குறை சொல்ல முடியாது. வெள்ளையடித்து, பெயர்ப்பலகை மாட்டி, ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். வெட்டும் நேரம் பார்த்துப் போட்டோக்காரரின் கேமரா மக்கர் பண்ணியதால், இன்னொரு ரிப்பன் கட்டி அதையும் வெட்டினார்கள். இல்லாதது நர்ஸ் மட்டும்தான். கட்டடம் சும்மா கிடக்கிறதே என்று ஆடுகள் குடியேறின. அவற்றையும் குறை சொல்ல முடியாது.

நர்ஸ் வந்தால் கடைக்காரியின் மகள் தீவில் இருப்பாள். வராவிட்டால் போய்விடுவாள். மருமகன் ஏற்கெனவே அக்கரையில் வேலை தேடிக்கொண்டு, வாடகைக்கு அறையும் பிடித்துவிட்டான். "நர்ஸ் போடுறாங்கன்னா உங்கம்மா பக்கத்துலயே பெத்துக்க, நானும் திரும்பி வந்துடுறேன். இல்லேன்னா படகுல ஏறிடு" என்று போனில் சொல்லியிருந்தான். வயிறு மேடிட்டு, நடக்கும்போது இடுப்பில் கை வைக்க ஆரம்பித்திருந்தாள் மகள். பிரசவத்துக்கென்று அக்கரை போன பெண்கள் யாரும் அங்கிருந்து குடும்பத்தோடு திரும்பியதில்லை. எப்போதாவது வருவார்கள், வீட்டுப் பூட்டு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். தெருவில் பாதி வீடு பூட்டுதான். கடைக்காரிக்குத் தன் பெண்ணும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுவாளோ என்று பகீரென்றிருந்தது.

இந்த நேரத்தில்தான் சுகாதார அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. நேரில் பார்த்து, மக்களைக் கேட்டு, தேவை என்று தெரிந்தால் நர்ஸை நியமிப்பார்களாம். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அந்தத் தீவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.

ஒருமுறை புயலடித்துக் கூரைகள் பறந்தபோது, அக்கரையிலிருந்து சில நல்ல மனிதர்கள் மூட்டை மூட்டையாகப் பழந்துணி கொண்டு வந்தார்கள். கொக்கி இல்லாத ரவிக்கை, ஒரு கால் மட்டும் உள்ள காற்சட்டை, யாரோ பெயின்ட் அடிக்கும்போது போட்ட சட்டை. அவற்றைக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படமும் எடுத்தார்கள். அன்றைக்குப் பட்ட சூடு ஆறவே இல்லை. வெளியாள் முன்னால் வாயைத் திறந்து 'இல்லை' என்று சொல்வதில்லை என்று யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அதுவாகவே ஊர்ச் சட்டமாகிவிட்டது. கூரை ஒழுகினால் காற்றோட்டம் என்பார்கள். தண்ணீர் உப்புக் கரித்தால் உடம்புக்கு நல்லது என்பார்கள்.

இது ஊர்த் தலைவருக்கும் தெரியும். அதனால் வலை காயப்போடும் கொட்டகையில் ஒத்திகை வைத்தார். அவரே நாற்காலியில் அதிகாரியாக உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.

முழங்கால் வீங்கிய மொட்டை மாமா எழுந்து, "ஆண்டவன் புண்ணியத்துல நல்லாருக்கோம்" என்றார்.

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், நான்தான்யா! எங்கிட்டயே மறைச்சா எப்படி?"

"நாற்காலியில உக்காந்துட்டா நீ வெளியாளு மாதிரி தெரியறேப்பா."

கடைசியில் கடைக்காரி எழுந்தாள். மகளுக்கு மூத்ததாக ஒரு பிள்ளை பிறந்ததைச் சொன்னாள். வலி எடுத்து, படகில் ஏற்றி, நடுக்கடலில் பிறந்து, கரையைப் பார்ப்பதற்குள் அடங்கிப்போன ஆண்பிள்ளை. முந்தானையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாளாம். இத்தனை வருஷமும் அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது மகளுக்கே அப்போதுதான் தெரிந்தது. தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இதை மட்டும் சொல்லிடு. நர்ஸ் என்ன, டாக்டரே வந்துடுவார்" என்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மகள் அம்மாவின் கையை விடவில்லை.

அதிகாரி வந்தார். நல்ல அம்மாள், பாவம். படகு ஆட்டிய ஆட்டத்தில் முகம் வெளிறி, பிடித்து இறக்க வேண்டியிருந்தது. அப்படி இறங்கியவர் எதிரில் ஊரே சலவைத் துணியில், எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு நின்றது. இருமல்காரர்கள் இரண்டு பேரைக் காணோம். காலையிலேயே தாங்களாகப் பின்பக்கக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். ஆடுகளைக்கூட யாரோ குளிப்பாட்டியிருந்தார்கள்.

"ஏன் நொண்டறீங்க?" என்று அதிகாரி மொட்டை மாமாவைக் கேட்டார்.

"சின்ன வயசுலேர்ந்து அப்படியே பழகிட்டேங்க."

தூண்டில் முள் கிழித்துச் சீழ் வைத்த கையைத் துணியால் சுற்றியிருந்தான் ஒரு மீனவன். "கையில என்ன?"

"வெயிலுக்குக் கட்டியிருக்கேங்க."

தலைவர் முறைத்தார், இருமினார், கண்ணடித்தார். எடுபடவில்லை. கடைசியில் அதிகாரி அவரிடமே திரும்பி, ஊர் எப்படி என்று கேட்டதும், மனிதர் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க காத்துக்கு நோயே அண்டாதுங்க" என்றாரே பார்க்கலாம்! ஒத்திகை வைத்த புண்ணியவான்.

அதிகாரிக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. "நர்ஸ் கொடுக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். யாராவது ஒரு குறையாவது சொல்லுங்களேன். ஒண்ணே ஒண்ணு போதும்" என்று கெஞ்சினார். குறை கேட்டுக் கெஞ்சிய அதிகாரியை உலகத்தில் அந்த ஊர்தான் பார்த்திருக்கும். அவர் பார்வை கடை வாசலில் நின்ற மகளின் வயிற்றில் விழுந்தது. "அம்மா, நீங்க சொல்லுங்க. பிரசவத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று பக்கத்தில் நின்ற கடைக்காரியைக் கேட்டார்.

கடைக்காரி வாயைத் திறந்தாள். அத்தனையும் தொண்டைக்குழியில் தயாராக நின்றது. ஆனால் அந்த அம்மாளின் கண்ணில் அதற்குள்ளேயே இரக்கம் ஊறத் தொடங்கியிருந்தது. பழந்துணியை நீட்டியபோது எதிரே இருந்த அதே கண். கடைக்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அதுக்கென்னங்க, காலங்காலமா நடக்கறதுதானே. இங்கே எந்தப் பிரசவமும் தப்பா போனதில்ல" என்றாள். "டீ சாப்பிடுறீங்களா?"

மகள் உள்ளே போய்ப் பையைக் கட்டினாள்.

சாயங்காலம் அதே படகில் அதிகாரிக்குப் பக்கத்தில் அவளும் ஏறினாள். கடைக்காரி பிஸ்கட், பழம், தலையணை என்று படகுத்துறைக்குச் சுமந்து வந்தாள். "ஜாக்கிரதை" என்றாள்.

"நீ எங்கம்மா கிளம்பிட்டே?" என்று அதிகாரி மகளைக் கேட்டார்.

"பிரசவத்துக்குப் போறேங்க. இங்கே இருக்க பயமா இருக்கு." மகளின் குரல் துறை முழுக்கக் கேட்டது. "எங்கண்ணன் இந்தப் படகுலதான் பொறந்து, இந்தப் படகுலயே செத்தான். எங்கம்மாவைக் கேளுங்க."

அதிகாரி துள்ளி நிமிர்ந்தார். கைப்பையிலிருந்து பேனா வெளியே வந்தது. "உண்மையாம்மா? நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பாக்கியை நான் பாத்துக்கறேன்."

ஊர் முழுதும் கடைக்காரியைப் பார்த்தது. மகளும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. சொல்லும்மா, நான் இறங்கிடறேன் என்று கேட்கும் பார்வை. கடைக்காரிக்கு அது நன்றாகவே புரிந்தது.

"தலைப்பிரசவம் இல்லீங்களா," என்று சிரித்தாள் அவள். "பயத்துல என்னென்னமோ உளர்றா."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேனா கைப்பைக்குள் போனது. படகுக்காரன் கயிற்றை அவிழ்த்து எஞ்சினைக் கிளப்பினான். தலைவர் கிட்டே வந்து, "நல்லவேளை, சமாளிச்சே அக்கா. ஊர் மானம் கப்பலேறியிருக்கும்" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கடைக்காரி படகையே பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டாள். இருக்கிற பிள்ளையைப் பொய்க்காரியாக்கி அனுப்பிவிட்டாள். தலைவரைத் தள்ளிக்கொண்டு துறையின் விளிம்புக்கு ஓடினாள்.

"உண்மைதாங்க!" என்று கத்தினாள். "அவ சொன்னது உண்மைதாங்க! எம்புள்ள செத்துதான் போனான்! எங்களுக்கு ஒரு நர்ஸ் வேணுங்க!"

எஞ்சின் இரைச்சலில் படகில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பாசமான ஊரா என்று மனம் நெகிழ்ந்த அதிகாரி, எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டி விடைபெற்றார். மரியாதை தெரிந்த ஊரல்லவா, துறையில் நின்ற அத்தனை பேரும் பதிலுக்குக் கையசைத்தார்கள்.