அரைகல் பிடி

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நெமேசியாதான் அடி வாங்கினாள்.

மண்டை ஓடு வரைந்த முகமூடிக்குள் இருந்த எத்வின் அவளுடைய இரட்டைப் பின்னலைச் சேர்த்துப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி, மல்யுத்த மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் வீசினான். கயிறு அவளைத் திருப்பி அனுப்பியது. திரும்பி வந்தவளின் நெஞ்சில் முழங்கையால் ஒரு இடி. மல்லாந்து விழுந்தாள். எலும்பொடிப்பான் என்பது அவன் மேடைப் பெயர். யார் ஜெயிப்பது என்று முன்னாடியே பேசி வைத்ததுதான், ஆனால் விழுவதை யாரும் பேசி வைக்க முடியாது. பலகைக்கு மேல் கிடந்த மெத்தை காய்ந்த மாட்டுத்தோல் மாதிரி இருந்தது. உதடு கிழிந்து வாய்க்குள் உப்புக் கரித்தது. கூட்டத்திலிருந்து ஒரு கோழி எலும்பு பறந்து வந்து அவள் பாவாடையில் விழுந்தது. அவளைப் பார்த்து எறிந்ததா, எத்வினைப் பார்த்து எறிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டகைக்கு எல் ஆல்ட்டோ என்ற மலை நகரத்தின் பாதி ஜனம் ஞாயிறு மதியம் வந்துவிடும். வட்டத் தொப்பி வைத்து, பாவாடை கட்டிய பெண்கள் முகமூடி போட்ட ஆண்களோடு மல்லுக்கு நிற்பதைப் பார்க்கத்தான் வருவார்கள். கொட்டகையை நடத்திய ரிகோபெர்த்தோவை எல்லாரும் தோன் ரிகோ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். உடை மாற்றும் அறையில் நெமேசியா உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"அடி நல்லாத்தாம்மா வாங்குற. குறை சொல்ல முடியாது. ஆனா நீ யாருன்னே ஜனங்களுக்குத் தெரியல."

"நெமேசியாதான். அஞ்சு வருஷமா வரேனே தோன் ரிகோ."

"அதாம்மா. சந்தையில பழைய செருப்பு விக்கிற நெமேசியா. அவள எதுக்கு இங்க வந்து பாக்கணும்? சந்தைக்குப் போனா பாத்துக்கலாம். உனக்குன்னு ஒரு பிடி வேணும், ஒரு அடையாளம் வேணும். அடுத்த மாசத்துக்குள்ள கொண்டா. இல்லேன்னா வாசல்ல சோளப்பொரி விக்க ஆள் தேடிக்கிட்டிருக்கேன்."

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஒற்றை அறைதான் வீடு. சுவரோரம் முழுக்க அம்மாவின் சாமான்கள். போன வருஷம் அம்மா பிளாசிதா செத்தபோது அக்கா தொமிங்கா தையல் மெஷினையும் நல்ல கம்பளிகளையும் எடுத்துக்கொண்டாள். மிச்சம் இவளுக்கு. ஆரஞ்சு நிறப் பாவாடை ஒன்று, வெள்ளி சால்வை ஊசி, நசுங்கிய எனாமல் தட்டுகள். அப்புறம் அரைகல், அதுவும் யாரும் தூக்க விரும்பாததால்.

தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு நசுங்கலும் அவளுக்குத் தெரியும். நீல ஓரம் போட்டது, அப்பா சீரிலோ சூப்பில் உப்பில்லை என்று அம்மாவின் தோளில் வீசியது. பூப் போட்டது, திருவிழா முடிந்து குடித்துவிட்டு வந்தபோது சுவரில் அடித்தது. மற்ற வீடுகளில் படம் மாட்டி வைப்பார்கள். இவர்கள் வீட்டில் தட்டு இருந்தது. இருந்தும் அவற்றில் எதையும் அம்மா தூக்கிப் போடவில்லை, இவளும் போடமாட்டாள். அதில்தான் சாப்பிட்டு வளர்ந்தாள்.

பிறகு அரைகல். அடியில் தட்டையான கல், மேலே பிறை மாதிரி வளைந்த குழவி. குழவியின் இரண்டு முனையையும் பிடித்து இந்தப் பக்கம் ஒரு சாய், அந்தப் பக்கம் ஒரு சாய் என்று ஆட்டி ஆட்டித்தான் மிளகாயும் தக்காளியும் அரைக்க வேண்டும். நெமேசியா சும்மா அதைப் பிடித்து ஆட்டினாள். தோள் தானாக அசைந்தது. அப்போதுதான் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயசிருக்கும். அம்மா மண்டியிட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். சீரிலோ பின்னால் வந்து முதுகில் எட்டி உதைத்தான். அம்மாவின் நெற்றி கல்லில் மோதிப் பிளந்தது. ரத்தம் மிளகாயோடு கலந்து வழிந்தது. அவன் மறுபடி காலைத் தூக்கினான். அம்மா அந்தக் காலைப் பிடித்துவிட்டாள். ஏன் அன்றைக்கு, ஏன் அதற்கு முன்னால் இல்லை என்று யாருக்கும் தெரியாது. இழுத்த இழுப்பில் அவன் தரையில் விழுந்தான். அம்மா அவன் மேல் ஏறி, இரண்டு முழங்காலையும் விலாவில் ஊன்றி, கைகளால் தோளை அமுக்கி, இந்தப் பக்கம் ஒரு சாய், அந்தப் பக்கம் ஒரு சாய் என்று அவனை அரைத்தாள். வேறு வார்த்தை கிடையாது, அரைத்தாள். அவன் வாய் மீன் மாதிரி திறந்து மூடியது. பிறகு கல்லிலிருந்த மிளகாயை வழித்து அவன் இரண்டு கண்ணிலும் அப்பினாள்.

"காரம் போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டாள், பரிமாறும்போது கேட்கிற அதே குரலில்.

அதற்கப்புறமும் அவன் அடித்தான். ஆனால் சமையலறைக்குள் மட்டும் அடிக்கமாட்டான். சில வருஷத்தில் வேறொருத்தியோடு ஒரூரோ என்ற ஊருக்குப் போய்விட்டான்.

மறுநாளே நெமேசியா எத்வினைக் கொட்டகைக்கு வரவழைத்து மெத்தையில் படுக்கச் சொன்னாள். முகமூடி இல்லாமல் எத்வின் சாதுவான ஆள், பேக்கரியில் வேலை.

"என்ன பண்ணப் போற?"

"படுடா, சொல்றேன்."

ஏறி உட்கார்ந்து ஆட்டினாள்.

"ஐயோ, விலா! விலா போச்சுடீ! எறங்குடீ பாவி, எனக்கு நாளைக்கு மாவு பெசையணும்!"

"அப்ப சரியாத்தான் இருக்கு" என்றாள் நெமேசியா.

அடுத்த ஞாயிறு அம்மாவின் ஆரஞ்சுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஒரு மண் கிண்ணத்தோடு மேடை ஏறினாள். எத்வின் வழக்கம்போல அவளைக் கயிற்றில் வீசினான், முகத்தில் மிதித்தான், தொப்பியை நசுக்கினான். அவன் காலைத் தூக்கியபோது பிடித்து இழுத்தாள். அவனை அரைத்து, கிண்ணத்திலிருந்ததை முகமூடி மேல் அப்பி, "காரம் போதுமா?" என்று கத்தினாள். கிண்ணத்தில் இருந்தது நசுக்கிய தக்காளி மட்டும்தான். ஆனால் கூரை பிய்ந்துவிடும்போல் கூட்டம் கத்தியது. முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்து, "இன்னும் வைடீ! எனக்காக ஒரு கை வைடீ!" என்று அழுதாள். மூன்றாவது ஞாயிறு பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று அவளோடு சேர்ந்து தோளை ஆட்டினார்கள். சுவரொட்டியில் அவள் பெயர் மேலே வந்தது: அரைகல் பிளாசிதா.

சுவரொட்டியைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு தொமிங்கா சந்தைக்கே வந்துவிட்டாள். செருப்புக் குவியலுக்கு நடுவில் நின்று கத்தினாள்.

"அம்மா பேர எவ எழுதச் சொன்னா?"

"நான்தான்."

"அம்மா மண்டை உடைஞ்சத ஊருக்குக் காட்டி கைதட்டு வாங்குற. வெக்கமா இல்ல?"

"அம்மா ஜெயிச்சத காட்டுறேன்க்கா."

"ஒரு நாளு ஜெயிச்சா. மத்த நாளெல்லாம்? அதையும் காட்டேன்!" தொமிங்கா சுவரொட்டியைக் கசக்கினாள். "அந்த ஆளு ஒரூரோலருந்து திரும்பி வந்துட்டாரு, தெரியுமா? எங்க தெருவுக்குப் பின்னாடிதான் இருக்காரு. நான்தான் சோறு போடுறேன். அம்மா பேரப் பாத்துத் தெருவே கண்டுபிடிச்சிருச்சு. பசங்க அவரப் பாத்து மிளகாய்த் தாத்தா, மிளகாய்த் தாத்தான்னு கல்லெறியுறானுங்க."

"எறியட்டும்."

"அவரு சும்மா இருக்கமாட்டாரு. சொல்லிட்டேன்."

அவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிறே வந்தார். எத்வின் கீழே கிடக்க, நெமேசியா கிண்ணத்தை எடுக்கத் திரும்பியபோது, கயிற்றுக்கு இடையில் நுழைந்து ஒரு கிழவன் மேடையில் நின்றான். பழைய கோட்டு, ஒரு கையில் மடித்த இடுப்பு வார். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அது அப்பாவின் வார் என்று அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

முதல் அடி கழுத்தில் விழுந்தது. கூட்டம் ஆரவாரித்தது. ஆட்டத்தில் புது வில்லன் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாவது அடி காதில். வாரின் கொக்கி பட்டுக் காது கிழிந்தது.

"எவன் கண்ணுலடீ மிளகாய் வைக்கிற? எவன் கண்ணுல?"

எத்வின் எழுந்து முகமூடியைத் தூக்கிவிட்டு, "யாருய்யா நீ? எறங்குய்யா!" என்றான். சீரிலோ வாரைத் திருப்பி அவன் வாயில் அடித்தான். இரண்டு பல்லோடு ரத்தம் கொட்டியது. கூட்டம் சிரித்தது. தோன் ரிகோவும் ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டு, இன்னும் இன்னும் என்று கையைக் காட்டினார்.

கூட்டத்தின் சத்தம் நெமேசியாவின் காதில் விழவில்லை. அப்பா மறுபடி கையை ஓங்கியபோது அந்தக் கையைப் பிடித்தாள். எவ்வளவு மெல்லிய கை, கோழிக்கால் மாதிரி. ஒரு முறுக்கு முறுக்கியதும் வார் விழுந்தது. அவன் அவள் முகத்தில் காறித் துப்பினான். வயிற்றில் உதைத்தான். அவள் அந்தக் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் பின்மண்டை பலகையில் மோதிய சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

ஏறி உட்கார்ந்தாள். எத்வின் மேல் உட்காரும்போது எடையைப் பாதத்தில் தாங்கிக்கொள்வாள். இப்போது தாங்கவில்லை. ஒரு சாய், மறு சாய். முழங்காலுக்கு அடியில் காய்ந்த சுள்ளி முறிவது மாதிரி ஏதோ முறிந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கொட்டகை முழுக்க அவளோடு சேர்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. "வை! வை! வை!" என்று கத்தினார்கள். அவள் கிண்ணத்திலிருந்து கை நிறைய அள்ளி அவன் கண்ணில் அப்பித் தேய்த்தாள்.

வெறும் தக்காளிதான். ஆனால் சீரிலோ, "எரியுது! பிளாசிதா, எரியுது, விட்டுரு!" என்று அலறினான்.

அந்தக் குரல் நாடகத்தில் வருகிற குரல் இல்லை என்பது முதலில் முன்வரிசைக்குப் புரிந்தது. அந்தக் கிழவி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பின்வரிசைகள் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவையும் அடங்கின. நெமேசியா அவன் கண்ணைத் தன் பாவாடை ஓரத்தால் துடைத்தாள். "தக்காளிப்பா. வெறும் தக்காளி" என்றாள். அவன் நம்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுங்கினான்.

ஆஸ்பத்திரியில் எத்வினுக்கு வாய் தைத்தார்கள். சீரிலோவுக்கு விலா எலும்புகள் முறிந்திருந்தன. எப்படி ஆச்சு என்று சின்ன வயசு டாக்டர் கேட்டார். நெமேசியா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மாடிப்படியில விழுந்துட்டேன் டாக்டர்."

இதே மாதிரி நாற்காலியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய கண்ணோடு அம்மா இதையேதான் சொல்வாள். அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது.

தொமிங்கா ஓடி வந்தாள். தங்கையைக் கன்னத்தில் அறைந்தாள். அப்புறம் அவளுடைய கிழிந்த காதைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ரத்தத்தைத் துடைத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தோன் ரிகோ ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு சந்தைக்கு வந்தார்.

"கெழவருக்கு எப்படி இருக்கு? பொழச்சுக்குவாரா?"

"பொழச்சுக்குவாரு."

"நல்லது, நல்லது. ஊரே இதத்தான் பேசுது. குணமானதும் மாசத்துக்கு ஒரு தடவ அவர ஏத்திவிடலாமாம்மா? அடி வேணாம். சும்மா அந்த அலறல் போதும்."

நெமேசியா கையிலிருந்த செருப்பாலேயே அவர் வாயில் அடித்தாள். அவர் குவியல் மேல் விழுந்தார், ஆரஞ்சுகள் தெருவில் உருண்டன. பக்கத்துக் கடைப் பெண்கள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டார்கள், ஒருத்தியும் அவரைத் தூக்கிவிடவில்லை.

அன்று மாலை ஒரு தூக்கில் சூப் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீரிலோ சாய்ந்து படுத்திருந்தார். கண்ணோரம் இன்னும் சிவந்திருந்தது. அவள் ஊட்ட, நாலைந்து கரண்டி குடித்தார்.

"நீ பண்ணது தப்பு" என்றார் கடைசியில்.

"நீங்க பண்ணது?"

"அதச் சொல்லல. உக்காந்த விதம் தப்பு. முட்டிய ரொம்பக் கீழ வச்சிட்ட. அதான் எலும்பு ஒடைஞ்சது. உங்கம்மா ஒடைக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவ மேல வச்சா."

அவர் கேலி செய்கிறாரா, பெருமைப்படுகிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வெளியே போய்விட நினைத்தாள். எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"எங்க வச்சா?" என்று கேட்டாள்.

கிழவர் அவள் கையைப் பிடித்து, கட்டுக்கு மேலே, நெஞ்சுக்குழிக்குப் பக்கத்தில் வைத்து அழுத்திக் காட்டினார். வலியில் முகம் கோணியது.

"இங்க. மூச்சு விட முடியாது. கத்தக்கூட முடியாது. செத்தே போயிருவோம்னு தோணும். ஆனா ஒண்ணும் ஒடையாது."

அவள் கையை உருவிக்கொண்டாள். தூக்கை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அதற்கப்புறம் அவரைப் பார்க்கப் போகவில்லை. சோறு போடுவது தொமிங்கா பாடு.

தோன் ரிகோவின் கொட்டகைக் கதவு அவளுக்கு மூடிக்கொண்டது. மலை ஓரத்துப் பேட்டையில் இன்னொரு மேடை கிடைத்தது. எத்வினும் கூட வந்தான். புதுச் சுவரொட்டியில் அம்மா பெயர் இல்லை, கிண்ணமும் எடுத்துப் போகவில்லை. முதல் ஞாயிறு, காலைப் பிடித்து இழுத்து அவன் மேல் ஏறினாள். முழங்காலை மேலே, நெஞ்சுக்குழிக்குப் பக்கத்தில் ஊன்றி ஒரு சாய் சாய்ந்தாள். முன்பல் இல்லாத எத்வினின் வாய் அகலத் திறந்தது, சத்தம் வரவில்லை. கையால் பலகையைப் படபடவென்று தட்டினான். அது பேசி வைத்ததில் இல்லை.

உடனே இறங்கிவிட்டாள். அவன் உருண்டு படுத்து, மூச்சு திரும்பியதும் முகமூடிக்குள்ளிருந்து முனகினான்.

"இத எவன்டீ உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

கூட்டம் அவளுடைய புதுப் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. நெமேசியா தொப்பியை எடுத்து, நசுங்கிய இடத்தைக் கையால் தட்டிச் சரிசெய்து தலையில் வைத்துக்கொண்டாள்.