தவராசா கடையின் மூன்றாவது மெசின்

1999ஆம் ஆண்டு மாசி மாதம் ஒன்பதாம் திகதி காலை, வவுனியா நகரில் தவராசா நடத்திவந்த வீடியோ கேம் விளையாட்டுக் கடையின் மேசையில் விஜிதரன் ஒரு புல்ஸ்காப் தாளை விரித்து வைத்தான். தாளின் நடுவே அடிமட்டம் பிடித்துக் கோடு போட்டிருந்தான். இடப்பக்கத் தலைப்பு பிளேஸ்டேஷன், வலப்பக்கத் தலைப்பு கணனி. கீழே ஒன்று முதல் பதினொன்று வரை இலக்கமிட்டு, இரண்டையும் ஒப்பிட்டிருந்தான். எதையும் எழுதிப் பார்த்தால்தான் அவனுக்கு நம்பிக்கை வரும்.

கடையில் இரண்டு பிளேஸ்டேஷன்கள் இருந்தன. பாடசாலை விட்டதும் பொடியள் வந்து மொய்ப்பார்கள். முறை வருவதற்குள் வாசலிலேயே இரண்டு சண்டை நடந்து முடிந்துவிடும். ஆகவே மூன்றாவது ஒன்றை வாங்கத் தவராசா யோசித்துக்கொண்டிருந்தார். அங்கே வேலைக்கு நின்ற விஜிதரன் ஆறு மாதம் கணனி திருத்தும் வகுப்புக்குப் போனவன்.

"அண்ணை, மூண்டாவதை வாங்காதேங்கோ. அந்தக் காசுக்கு உதிரிச் சாமான் எடுத்து ஒரு கொம்பியூட்டர் பூட்டித் தாறன்."

"எடேய், ஒரு வயரைக் குத்தினா ஓடுற சாமானை விட்டிட்டு, நூறு ஆணி பூட்டுற சாமானுக்கு நான் ஏன் போகவேணும்?"

"பிளேஸ்டேஷன் வாங்கின அண்டைக்கு எப்பிடியோ கடைசி மட்டும் அப்பிடித்தான் அண்ணை. பழுதாப்போனா முழுசா எறியவேணும். இதெண்டா பழுதான துண்டை மட்டும் மாத்தலாம். கேமும் விளையாடலாம், வேற வேலையும் செய்யலாம். நாலாவதைப் பாருங்கோ…"

தவராசா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நாலாவதைப் பார்த்தார். ஒன்பதாவதையும் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருப்பதையும் பார்த்தார்.

"ஒண்டு மட்டும் சொல்லு. கேமில ரெண்டு பேர் நேருக்கு நேர் அடிபடலாமோ?"

"ஓம் அண்ணை. கீபோட்டில இடப்பக்கம் ஒராள், வலப்பக்கம் ஒராள்."

அது தாளில் இல்லாத விசயம். கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

தவராசாவைச் சம்மதிக்க வைப்பதில் அவனுக்கு இருந்த அவசரம் வேறு. அவனும் மனைவி தர்மிளாவும் வவுனியாவில் தங்கியிருந்தது, போர்முனைக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்கு இராணுவம் கொடுக்கும் ஒரு மாத அனுமதிப் பாஸில். மாதம் முடிய முடிய, அவர்கள் வாடகைக்கு இருந்த அறையின் வீட்டுக்காரர் பொறுப்புக் கையெழுத்து வைத்துப் புதுப்பித்துக் கொடுத்தார். அந்த மனிதரோ பங்குனி முடிவில் கொழும்புக்கு மகளிடம் போகிறார். இனி யாராவது நிரந்தர வதிவிடக்காரர், இவன் என்னிடம் வேலை செய்கிறான், இவனுக்கு நான் பொறுப்பு என்று கடிதம் தந்தால்தான் நகரத்தில் இருக்கலாம். இல்லாவிட்டால், போராளி இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த தர்மபுரம். அங்கே தகப்பன் ஆண்டியப்பனுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி இருந்தது. கரண்ட் இல்லாமல் ஒன்பது வருசம். விஜிதரன் கற்ற வித்தையைக் கொண்டுபோய்ச் செருகுவதற்கு அந்த ஊரில் ஒரு சுவரிலும் துளை கிடையாது. மெசின் பூட்டித் தருவதற்குப் பதிலாக அந்தப் பொறுப்புக் கடிதத்தைத் தவராசாவிடம் கேட்டான்.

"மெசினை ஓட்டிக் காட்டு. பங்குனி முடியமுதல் கடிதம் தாறன்" என்றார் தவராசா.

அறைக்கு வந்து இதைச் சொன்னபோது, தர்மிளா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமலே சொன்னாள்.

"கடிதத்தை முதல் வாங்குங்கோ. பிறகு மெசினைப் பூட்டுங்கோ."

"வேலையைக் காட்டாமல் எப்பிடியப்பா கேக்கிறது?"

"வேலை முடிஞ்சாப் பிறகு எப்பிடிக் கேப்பியள்?"

அவன் கொழும்புக் கடைக்கு அனுப்பவேண்டிய பட்டியலை எழுத உட்கார்ந்தான். பாவித்த மதர்போட் ஒன்று. பென்ரியம் இருநூறு ஒன்று. ராம் முப்பத்திரண்டு. நாலு எம்பி படக் கார்ட் ஒன்று. இரண்டு ஜிபி ஹாட் டிஸ்க், சிடி ட்ரைவ், பதினாலு அங்குல மொனிற்றர், கீபோட், பெட்டிக் கூடு. கடைசி இலக்கமாக, கையில் பிடித்து விளையாட இரண்டு ஜொய்ஸ்டிக் என்று எழுதியிருந்தான். கூட்டிப் பார்த்தபோது தவராசா தந்த தொகையைத் தாண்டியது. படக் கார்டைக் குறைக்க மனம் வரவில்லை. ஜொய்ஸ்டிக் இரண்டையும் கோடு போட்டு வெட்டினான். பெட்டிக் கூட்டையும் வெட்டினான்.

சாமான்கள் லொறியில் வந்துசேர மூன்று கிழமை சென்றது. சோதனைச் சாவடியில் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்திருந்தார்கள். சுற்றியிருந்த ஸ்பொன்ச் போன இடம் தெரியவில்லை. பென்ரியத்தின் அடியில் நாலு கம்பி வளைந்திருந்தது. தர்மிளாவின் தையல் ஊசியால் ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்தி எடுக்க அரை நாள் போயிற்று. கூட்டுக்கு, பலசரக்குக் கடையில் எறியக் கிடந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினான். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளில் கரண்ட் ஓடிவிடும் என்பதால் அதைத் துண்டு துண்டாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பலகையில் ஆணியடித்து எல்லாவற்றையும் பூட்டினான்.

தவராசா பெட்டியைச் சுற்றி வந்தார்.

"தேயிலைப் பெட்டியோடா? எங்க வந்தாலும் தோட்டத்துப் புத்தி விடாது, என்ன!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விஜிதரனும் சிரித்தான். அவன் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தபோது அவனுக்கு ஐந்து வயது. தேயிலைச் செடி எப்படியிருக்கும் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மெசின் ஓடியது. முதல் அழுத்திலேயே ஓடியது. கார் ஓட்டப் பந்தயத்தில் ரோட்டுக்கரை மரங்கள் ஒவ்வொன்றாக வந்துபோவதைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்து, "பிளேஸ்டேஷனை விட வடிவாத்தான் கிடக்கு" என்றார். விஜிதரன் தவராசாவின் முகத்தைப் பார்த்தான். அவர் வாசலில் வந்துகொண்டிருந்த பொடியளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொடியளுக்கு மரம் தேவைப்படவில்லை. அடிபடும் கேம்தான் வேண்டும். இருவர் தோளோடு தோள் முட்டிக்கொண்டு ஒரே கீபோட்டின் முன் உட்கார்ந்தார்கள். ஒரு நிமிசம்கூடப் போகவில்லை.

"அண்ணை, நான் குத்திறன், கை போகுதில்லை!"

"நீ குத்தேல்லையடா. குத்தத் தெரியாமல் மெசினைச் சாட்டுறாய்."

"போடா, நீ உதைக்கிறதை அமத்திப் பிடிச்சிருக்கிறாய். அதான் எனக்கு வேலை செய்யுதில்லை! கள்ளன்!"

முதல் பொடியன் சொன்னது சரி. அந்தப் பழைய கீபோட் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் வாங்காது. ஒருவன் விரலை எடுக்காமல் அமத்திப் பிடித்தால் மற்றவனின் ஆள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்று அடி வாங்குவான். விஜிதரன் இதை விளங்கப்படுத்தத் தொடங்கினான். அவன் இரண்டாவது வசனத்துக்கு வருமுன் பொடியள் பிளேஸ்டேஷன் வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். நாலாம் நாள் மெசினுக்கு மேல் துணி போர்த்தியாயிற்று.

"பதினொரு விசயம் எழுதினாய்" என்றார் தவராசா. "பொடியளுக்குத் தேவையானது பன்னிரண்டாவது."

"ரெண்டு ஜொய்ஸ்டிக் எடுத்துத் தாங்கோ அண்ணை. சரியாக்கிப்போடுவன்."

"இன்னும் காசோ? அந்தக் கதையை விடு."

கடிதத்தைப் பற்றி அன்றைக்குக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

அடுத்த கிழமை, கனகராயன்குளத்தில் இருந்து வந்திருந்த கமலாட்சி என்ற நடுவயது மனிசி கடை வாசலில் நின்று, போர்த்திக் கிடந்த மெசினைப் பார்த்தார். ஒரு கிழமைப் பாஸில் வந்தவர். கண் ஒப்பரேசனுக்குக் கூடுதல் நாள் கேட்டுக் கையால் எழுதிக் கொடுத்த விண்ணப்பம், எழுத்து விளங்கவில்லை என்று இரண்டு தரம் திரும்பி வந்திருந்தது.

"தம்பி, உதில கடிதம் அடிக்கலாமோ?"

விஜிதரன் துணியை எடுத்தான். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவதில் அவனுக்கு எப்போதும் முதல் புள்ளி. திகதி எங்கே, விலாசம் எங்கே, விடயம் எங்கே என்று இடம் பிசகாது. ஆங்கிலத்தில் அடித்து, தெரிந்தவர் ஒருவர் வேலை செய்த கந்தோரில் அச்செடுத்துக் கொடுத்தான். அவருக்கு இரண்டு கிழமை கிடைத்தது. மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் வரிசை தேத்தண்ணிக் கடையைத் தாண்டியது.

தவராசா உடனே பழைய பிரின்ரர் ஒன்று கொண்டுவந்தார். பலகையும் எழுதிப் போட்டார்: பாஸ் விண்ணப்பங்கள் கணனியில் அடித்துத் தரப்படும். பிளேஸ்டேஷன் இரண்டும் பின்னறைக்குப் போயின. "என்ர கொம்பியூட்டர்" என்று ஆட்களிடம் சொல்லத் தொடங்கினார். தேயிலைப் பெட்டிக்கு மேல் சாமிப்படம் ஒன்றும் ஏறியது.

வேலை கூடியதால் விஜிதரன் ஒழுங்கு ஒன்று செய்தான். பொதுக் கடிதத்தை ஒரு தரம் அடித்து வைத்தான். காரணங்களையும் வரிசைப்படுத்தி அதற்குள் சேர்த்துவிட்டான்: வைத்தியம், பரீட்சை, கலியாணம், செத்தவீடு, பென்சன், வெளிநாட்டு அலுவல். ஆறில் ஒன்றை எடுத்து, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டால் கடிதம் முடிந்தது.

"நீ காய்ச்சல் எண்டு படுத்தா என்ர கடையும் படுத்திடும்" என்றார் தவராசா. "செய்யிற விதத்தை ஒரு கொப்பியில எழுதி வை."

அவன் எழுதினான். மெசினைப் போடுவது தொடக்கம் தாளைக் கிழிப்பது வரை பதினான்கு படிகள். ஒவ்வொரு படியும் ஒரு வரிக்கு மேல் போகாமல், யாருக்கும் விளங்கும்படி எழுதினான். கொப்பியைப் பார்த்த தர்மிளா, "உங்கட எழுத்து நல்ல வடிவு" என்றாள். கொப்பியை மூடி அவன் மடியில் வைத்தாள். அடுத்த நாளே தவராசாவின் தமக்கை மகள் யதுர்ஷிகா கடைக்கு வந்தாள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த பிள்ளை. மூன்றாம் நாள் கொப்பியைப் பாராமலே அடித்தாள்.

பங்குனி இருபத்தாறாம் திகதி விஜிதரன் தன்னுடைய கடிதத்தைத் தானே அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, தவராசாவின் முன் வைத்தான்.

அவர் வாசித்தார். அவர் வாசித்து முடிக்க நிறைய நேரம் எடுத்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். ஆனா தம்பி… பொறுப்பு எண்டு கையெழுத்து வைச்சா அது லேசான அலுவல் இல்லை. உன்ர ஆக்கள் அங்கால. நாளைக்கு ஏதும் எண்டா ஆமிக்காரங்கள் என்னையெல்லோ கொண்டுபோவாங்கள். எனக்கும் கட்டிக்குடுக்கிற வயசில குமர்ப்பிள்ளையள் இருக்கு."

"ஓட்டிக் காட்டினாத் தாறன் எண்டு சொன்னனீங்கள்."

"கேம் ஓட்டிக் காட்டெண்டு சொன்னனான். கேம் ஓடிச்சுதோ?"

அவருடைய பயம் பொய்யில்லை. அது விஜிதரனுக்குத் தெரியும். அந்தப் பயம் மாசி மாதத்திலும் இருந்திருக்கும் என்பதும் தெரியும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு மூன்று பேரிடம் கேட்டான். மூவரும் தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள்.

"அந்த ராம் எண்டுறதைக் கழட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றாள் தர்மிளா. "விரலளவுதானே எண்டு சொன்னனீங்கள். மடியில கட்டிக்கொண்டு போவம்."

அவன் யோசித்துத்தான் பார்த்தான். மெசின் நின்றால் தவராசா என்ன சொல்லுவார் என்பது காதில் கேட்டது: தேயிலைப் பெட்டிதானே, வேற எப்பிடியிருக்கும். தான் பூட்டியது ஓடவில்லை என்று ஒருவன் சொல்வதை அவனால் தாங்கமுடியாது. கடிதம் கிடைக்காததைவிட அது பெரிதா என்று தர்மிளா கேட்டாள். அவன் ராமைக் கழட்டவில்லை.

திரும்பிப் போவதற்கும் அனுமதி எடுக்கவேண்டும். தவராசாவிடம் வேலையை விட்டிருந்த அவன், முப்பதாம் திகதி காலை அதே கடையின் வரிசையில் நின்றான். ஒன்பதாவது ஆளாக மேசைக்கு முன் வந்தான். யதுர்ஷிகா தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உடனே கீபோட்டைப் பார்த்தாள்.

"எங்க போறதுக்கு அண்ணை?"

"தர்மபுரம்."

"காரணம்?" கேட்டுவிட்டு அவளே திரையில் தேடினாள். "ஆறுதானே கிடக்கு. திரும்பிப் போறது எண்டு ஒண்டும் இல்லையே."

"ஒருத்தரும் கேக்கேல்லை. அதால போடேல்லை."

பின்னறையில் தவராசாவின் குரல் கேட்டது. பட்டனை உடைக்காதையுங்கோடா என்று பொடியளை ஏசிக்கொண்டிருந்தார். அவர் முன்னுக்கு வரவில்லை.

"ஆறாவது வரி முடிவுக்குக் கொண்டுபோ" என்றான் விஜிதரன், மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடி. "எண்டரை அமத்து. ஏழு எண்டு போட்டு, சொந்த இடத்துக்குத் திரும்புதல் எண்டு இங்கிலீசில அடி. சொல்லுக்கு நான் எழுத்துக் கூட்டுறன்."

அவன் கூட்டிச் சொன்னான். அவள் அடித்தாள்.

"இதைச் சேமிச்சு வைக்கட்டோ? உங்களுக்கு மட்டுமோ?"

"வை. இனியும் ஆக்கள் வருவினம்."

பிரின்ரர் கரகரத்துக்கொண்டு தாளைத் தள்ளியது. அவள் ஓரத்தைக் கிழித்து நீட்டினாள்.

"இன்னொண்டு எடு பிள்ளை, என்ர மனிசிக்கு" என்றான். "பேரையும் இலக்கத்தையும் மாத்து. மற்றதெல்லாம் அப்பிடியே."