தொப்பித்துரையின் நான்காவது பெண்

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் உளவாளிப் படவரிசை ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் வரும் மறக்க முடியாத பெண்களைப் பற்றி எழுதச் சொன்னார். சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் ஒரு சங்கடம். நாயகன் செய்த ஒரு காரியம்கூட நினைவுக்கு வரவில்லை. கார் ஓட்டினான், சுட்டான், சட்டையில் கறை படாமல் திரும்பி வந்தான். பெண்கள்தான் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள், எப்படிச் செத்தோம் என்ற விவரத்தோடு.

உண்மைப் படங்களைப் பற்றி எழுதினால், அவற்றை என்னைவிட நன்றாகப் பார்த்தவர்கள் கடிதம் போடுவார்கள். அதனால் ஒரு படவரிசையை நானே உண்டாக்கினேன். யாரும் போய்ச் சரிபார்க்க முடியாதபடி 1944-க்கும், தூத்துக்குடிக்கும் அதைக் கொண்டுபோய் வைத்தேன். ஆசிரியர் மன்னிப்பார் என்று நினைத்தேன். (மன்னிக்கவில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "யுத்தம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில், தூத்துக்குடிக் கடற்கரையில் அலைகள் மெல்ல..."

வேண்டாம். அலைகளை விட்டால் பின்னாலேயே நிலாவும் வந்துவிடும்.

இரண்டாவது: "பவுல் மூச்சை அடக்கிக்கொண்டு ஏழு ஆள் ஆழத்தில்..."

இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனை இத்தனை சீக்கிரம் கடலுக்குள் இறக்கிவிட்டால் மேலே கயிறு பிடிக்க ஆளில்லை. இந்தக் கதையின் தகராறே அதுதான். பவுல் கொஞ்சம் பொறுக்கட்டும். அவனைக் கொட்டகையில், மணலில் உட்கார வைக்கிறேன்.

3

கடற்கரையை ஒட்டிய டூரிங் கொட்டகை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். யுத்தகால விளக்குக் கட்டுப்பாட்டால் சாயங்கால ஆட்டம் ஒன்றுதான். வெள்ளைக்கார உளவாளி ஒருவன் வரும் இங்கிலீஷ் படங்கள் அங்கே வருஷத்துக்கு ஒன்றாக வந்தன. அவன் எந்நேரமும் தொப்பி போட்டிருந்ததால் ஊர் அவனுக்குத் தொப்பித்துரை என்று பெயர் வைத்தது. திரைக்குப் பக்கத்தில் கையில் மூங்கில் குச்சியோடு நின்று, பொன்னுதுரை என்பவர் கதையைத் தமிழில் உரக்கச் சொல்லுவார்.

(1944-இல் பேசும் படத்துக்கு இப்படி விளக்கம் சொல்ல ஆள் வைத்திருந்தார்களா? எனக்குத் தெரியாது. எனக்கு அவர் வேண்டும். ஆகவே இருக்கிறார்.)

பொன்னுதுரைக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்பது கொட்டகை முழுவதற்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

முதல் படத்துப் பெண், தான் விஷம் கொடுத்த கப்பல் கேப்டனுக்காகத் தானே அழுதாள். இரண்டாம் படத்தில் முக்காடு போட்ட பாட்டுக்காரி; ரகசியத்தை எல்லாம் பாட்டுக்குள் வைத்து அனுப்பினாள். மூன்றாமவள் மலைப்பாதையில் லாரி ஓட்டினாள். மூன்று பேருமே கடைசி ரீலில் இறந்துபோனார்கள். மூன்று முறையும் தொப்பித்துரை தொப்பியைக் கழற்றினான், திரும்ப மாட்டிக்கொண்டான்.

4

இனி பவுல். சங்கு குளிப்பவன். முத்துக்குளி நின்றுபோய்ப் பல வருஷமாகிவிட்டதால் சங்குதான் பிழைப்பு. காலில் கல்லைக் கட்டி இறங்குவான். இடுப்புக் கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் ஒருவன் கையில் இருக்கும். கீழிருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பதுதான் கரையின் வழக்கம். தங்கை விதவையாகிவிடக் கூடாது என்ற கவலை அவன் ஒருவனுக்குத்தான் கட்டாயம் இருக்கும். சம்பளத்துக்குப் பிடிப்பவனுக்கு இந்த ஆள் போனால் இன்னோர் ஆள்.

பவுலின் மனைவி செலஸ்தீனா. அவளுடைய அண்ணன் சந்தியாகு. ஒன்பது வருஷமாகக் கயிறு பிடித்தவன். நாலு மாதத்துக்கு முன் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காரணத்தை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. தொப்பித்துரை படங்களில் எந்தப் பெண் உசத்தி என்று தர்க்கம். லாரிக்காரி என்றான் பவுல். முக்காட்டுக்காரி என்றான் சந்தியாகு. பேச்சு முற்றிக் கை ஓங்கும்வரை போனது.

வயதுக்கு வந்த ஆண்கள் இதற்காகச் சண்டை போடுவார்களா என்று இங்கே ஒரு சந்தேகம் வரலாம். நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை என்று தெரிகிறது.

5

நான்காவது படம். இந்த முறை வந்தவள் பெயர் இரேன். மூழ்கிய கப்பலிலிருந்து ஒரு பெட்டியை எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறாள். கொட்டகை நிமிர்ந்து உட்கார்ந்தது. இது அவர்களுக்குத் தெரிந்த வேலை. மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் தொப்பித்துரை. பகைவர் படகு நெருங்கி வருகிறது. அவன் கயிற்றைப் பார்க்கிறான், பகைவரைப் பார்க்கிறான், கத்தியை எடுத்து ஓங்குகிறான்.

அந்த இடத்தில் ரீல் முடிந்தது. இருந்தது ஒரே மிஷின். அடுத்த ரீலை மாட்டும்வரை விளக்கைப் போட்டார்கள்.

பெண்கள் பக்கம் செலஸ்தீனா எழுந்து நின்று பொன்னுதுரையைக் கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்தப் பொம்பள கயித்த அவன் கையில ஏன் குடுத்தா?"

"கதை அப்படித்தான் போகுது தாயி."

"கதை கெடக்கட்டும். அவ செத்தா அந்தத் தொப்பிக்காரனுக்கு என்ன நட்டம்? அடுத்த படத்துல வேறொருத்தி வாரா. இவளுக்குக் கூடப்பொறந்தவன் ஒருத்தன் கெடையாதா?"

பொன்னுதுரை குச்சியால் காதைச் சொறிந்தார். ஊர் விஷயம் எல்லாம் அவருக்குத் தெரியும். இங்கிலீஷ்தான் தெரியாது.

"இருக்கான் தாயி. அண்ணன் ஒருத்தன் இருக்கான். நல்லாக் கயிறு பிடிப்பான். நாலு மாசமா மொறச்சிக்கிட்டுத் திரியுதான். இப்பம் ஆம்பளப் பக்கம் மூணாம் வரிசையில பீடி குடிச்சிக்கிட்டு இருக்கான்."

அத்தனை தலைகளும் மூன்றாம் வரிசையைப் பார்த்தன. சந்தியாகு பீடியை மணலில் குத்தினான்.

"ஏலே, படத்தப் போடுங்கலே!"

"அண்ணே, திங்கக்கெழம அவுக கடலுக்குப் போறாவ. கயிறு யாரு பிடிக்கா?"

"லாரிக்காரியக் கூப்பிடச் சொல்லு."

"முக்காட்டுக்காரிக்கு அவ எவ்வளவோ தேவல" என்றான் பவுல், இரண்டு வரிசை பின்னாலிருந்து.

கொட்டகை குலுங்கியது. எனக்கும் எழுதும்போது சிரிப்பு வந்தது. செலஸ்தீனா மட்டும் சிரிக்கவில்லை.

"முந்தாநாத்து அவுக மூக்குல ரெத்தம் ஒழுகிக்கிட்டு வந்தாவ. மூணு தடவ கயித்த அசைச்சிருக்காவ. மேல நின்னவன் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு நின்னிருக்கான். நீங்க ரெண்டு பேரும் எவள வேணும்னாலும் உசத்தின்னு சொல்லிக்கிடுங்க. அவளுவ எல்லாம் திரைத்துணியில தெரியுதவளுவ. நான் இங்கன நிக்கேன்."

பவுல் தலையைக் குனிந்துகொண்டான். விளக்கு அணைந்தது. கத்தி இறங்கியது, கயிறு அறுந்தது, தொப்பித்துரை தொப்பியைக் கழற்றினான். பொன்னுதுரை குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். "இங்கன எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்களே பாத்துக்கிடுங்க" என்றார்.

மறுபடி விளக்கு வந்தபோது மூன்றாம் வரிசையில் சந்தியாகு இல்லை.

6

எங்கே போனான்?

முடிவு ஒன்று: திங்கட்கிழமை விடிந்ததும் பவுலுக்கு முன்பாகவே வள்ளத்தில் நிற்கிறான், கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு. பவுல் கல்லை எடுக்கிறான். (இனிப்பு கொஞ்சம் அதிகம். ஆனாலும் எனக்கு வேண்டியது இதுதான்.)

முடிவு இரண்டு: அவன் வரவில்லை. கயிறு வெற்றிலைக்காரன் கையில் இருக்கிறது. பவுல் இறங்குகிறான். கயிறு அசைகிறது, மறுபடியும்...

இதை நான் முழுதாக எழுதினேன். இரண்டு பக்கம். கரையில் செலஸ்தீனா நிற்பதையும், யாரும் அவளிடம் சொல்லாமலே அவளுக்கு விஷயம் தெரிந்துவிடுவதையும் எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. செலஸ்தீனாவை நீங்கள் சாகும்வரை மறந்திருக்க மாட்டீர்கள்.

என் மனைவி படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. அவன் செத்தா உங்களுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.*

*அவள் பிறந்த ஊர் தூத்துக்குடிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான தருவைகுளம். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

7

இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

பவுல் செத்தால் எனக்கு நட்டம் கிடையாது, லாபம்தான். நாலு பேர் பாராட்டுவார்கள். நிஜமான உளவாளிப் படங்களை எடுத்தவர்களுக்கும் இதே லாபம்தான் இருந்திருக்கும். கேப்டனுக்காக அழுதவள், பாட்டுக்காரி, லாரிக்காரி, இரேன் என்று நாலு பேரையும் நாம் மறக்காமல் இருக்கிறோம். அவர்கள் பிழைத்து எங்காவது போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நானும் தொப்பி போடுகிற கூட்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. என் கையில் கயிற்றைக் கொடுக்கக் கூடாது.

சந்தியாகு வந்தானா, வள்ளம் புறப்படும்போது எங்கே நின்றான் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை, வெயில் ஏறிய நேரம். கரையில் செலஸ்தீனா நெற்றிக்குமேல் கையை வைத்து வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பவுல் மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கிவிட்டான். நாற்பது எண்ணியாகிவிட்டது.

இவ்வளவு தூரம் அவளோடு உட்கார்ந்திருந்தவர் நீங்கள். கொட்டகையில் அவள் பேசியபோது சிரிப்பை நிறுத்தினீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன். அவளுக்கு உடன்பிறந்த முறையில் இப்போது இருப்பது நீங்கள்தான். இந்தாருங்கள், பவுலின் கயிறு, பிடித்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும், ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டால் வழுக்காது.

ஐம்பத்திரண்டு. ஐம்பத்துமூன்று.

கயிறு அசைகிறது. இழுங்கள்.